மூடி போட்ட டின்

1958 தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், தேயிலைத் தோட்டத்துத் துரையின் வெள்ளைக்கார மனைவியான துரைசாணி சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்டாள். பங்களாச் சாமான்களில் பாதி ஏலத்தில் போயிற்று, பாதி பெட்டிகளில் ஏறிற்று. கண்ணாடித் தொட்டியும் அதிலிருந்த ஆறு பொன்மீன்களும் எதிலும் சேரவில்லை. அவற்றை ஆயா காளியாயி தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்தாள்.

அவளுக்கென்று கொடுத்தது அல்ல. அட்டனில் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொடுத்தது. மடத்து விடுதியின் புதுக் கட்டடம் ஜனவரியில் திறக்கும். அப்போது வேன் வரும். தொட்டியோடு காளியாயியும் ஏற வேண்டும். மீனைப் பார்த்துக்கொள்ளவும் விடுதிப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடவும் ஒரு ஆள் தேவை என்று பெரிய மதர் சொல்லியிருந்தார். துரைசாணி காளியாயியைக் கைகாட்டிவிட்டுப் போனாள்.

புதிய துரைக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயாவும் வேண்டியதில்லை. மடமும் இல்லையென்றால் கடைசிவரை கொழுந்துக் கூடைதான். இப்போதே அவள் மலையேறிக்கொண்டுதான் இருந்தாள். பங்களாவின் மெழுகிய தரையில் நடந்து பழகிய கால்கள் அட்டைக் கடியில் வீங்கின. மீன் செத்துப்போனாலும் மடம் தன்னைக் கூப்பிடுமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

லயத்தில் அவளுக்கும் புருஷனுக்கும் ஒரே காம்பிரா, ஓர் அறைதான். அடுப்பும் அதற்குள்ளேயே. அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் இரண்டு தேயிலைப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் தொட்டியை வைத்தாள். துரைசாணியின் பழைய மேசைவிரிப்பால் மூடினாள். பங்களாவில் தொட்டி இருந்த இடத்தில் பூச்சாடியைத் தவிர வேறொன்றும் இல்லை. இங்கே திரும்பிய பக்கமெல்லாம் மீனுக்கு எமன். மண்ணெண்ணெய் விளக்கு, சவுக்காரக் கட்டி, வெற்றிலைச் சுண்ணாம்பு, தலையில் வழியும் எண்ணெய். ஒவ்வொன்றாக வாசலுக்கு வெளியே தள்ளினாள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் புகைந்தது. கார்த்திகை விளக்குகளும் அங்கேதான் எரிந்தன. சாமி படத்தையும் வெளியே மாற்றலாமா என்று யோசித்தாள். அதை மட்டும் விட்டுவிட்டாள்.

மூட்டைப்பூச்சிக்கு டி.டி.டி. அடிக்க ஆட்கள் வந்தபோது வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க காம்பிராவுக்கு வேணாம்."

அடுத்த வாரம் லயத்து மூட்டைப்பூச்சி அத்தனையும் காளியாயியின் காம்பிராவுக்குக் குடிவந்தன.

மீனுக்கு எமனாக மிச்சம் இருந்தது புருஷன் கந்தப்பன். அவன் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தான். தேயிலைத் தளிரில் கொப்புளம் போடும் நோய்க்கு ஒரு பச்சைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, முதுகில் கட்டிய பம்பால் அடிப்பார்கள். சாயங்காலம் திரும்பும்போது புருவம்கூடப் பச்சையாக இருக்கும். அந்தத் தூள் ஒரு சிட்டிகை போதும், ஒரு மீன் மிஞ்சாது என்று துரைசாணி சொல்வாள். மருந்தடிக்கிற நாளில் பங்களா ஜன்னல்களைச் சாத்தச் சொல்வாள். காளியாயிக்குச் சாத்த ஜன்னல் இல்லை. இருந்தது ஒரு கதவு. அதில் அவனை நிறுத்தினாள்.

"பீலியில குளிச்சிட்டு வாங்க. சட்டைய வெறகுக் கொட்டில்ல போட்டுருங்க."

"இந்தக் குளிருலயா?"

"வென்னி கொண்டாறேன்."

வெந்நீர் வாளியை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடிக்குத் தூக்கிப் போனாள். அடுத்த காம்பிரா சண்முகவடிவு இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புருசன வெளிய நிறுத்திட்டு மீன உள்ள வச்சவ இந்தத் தோட்டத்துல நீ ஒருத்திதாண்டி."

"மீனு வாய் பேசாது அக்கா."

"ஒன் வீட்டுக்காரரு மட்டும் பேசுறாராக்கும்?"

கந்தப்பன் பீலிக்கடியில் நின்று சிரித்தான். "இருங்க மதினி. அடுத்தாப்புல என்னையும் துணியப் போட்டு மூடி வைப்பா."

சிரித்தானே தவிர அட்டன் பேச்சை எடுக்கவில்லை. மகளை உடப்புசல்லாவைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு காம்பிராவில் இரண்டே பேர். அவள் போனால் அவன் தனி. மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரலாம் என்று மதர் சொன்னதை அவனிடம் சொன்னாள். "றொசல்ல ஸ்டேசன்ல எறங்கி நடந்து வரணும். மழையில வழுக்கும்," என்றான். பிறகு சோற்றைப் பிசைந்தான். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் அவள் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவாள். பீலித் தண்ணீர் விரலை மரக்கச் செய்யும். அதை மண்பானையில் பிடித்து அடுப்போரம் வைத்து, குளிர் தெளிந்த பிறகே ஊற்றுவாள். மார்கழி பிறந்த வாரம் பானை விரிசல் விட்டது. களிம்பேறும் பித்தளைக் குடத்தில் பிடித்து வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"பான போச்சு. தண்ணி எதுல புடிக்கிறதுன்னு தெரியல," என்றாள்.

வெள்ளிக்கிழமை கந்தப்பன் ஒரு டின்னோடு வந்தான். கைப்பிடியும் மூடியும் உள்ள பெரிய டின். முகம் பார்க்கலாம் போலத் தேய்த்திருந்தான்.

"ஏதுங்க இது?"

"மருந்து ஸ்டோருல காலியா கெடந்துச்சு. கணக்கப்பிள்ளகிட்ட கேட்டு வாங்கியாந்தேன். தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள கை போயிருச்சு. ஒன் மீனுக்குத்தான்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கென்று கையில் ஒன்றும் கொண்டுவந்ததில்லை. தீபாவளிச் சேலையைக்கூட அவளே போய் எடுத்துக்கொள்வாள். டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைப் போட்டாள், எடுத்தாள். விறகுச் சுள்ளியைக்கூட மோந்து பார்த்து உள்ளே விடுகிறவள் அந்த டின்னை மோந்து பார்க்கவில்லை. அன்றைக்கே தண்ணீர் பிடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் ஊற்றினாள்.

திங்கள் காலை மேசைவிரிப்பை நீக்கியபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று பக்கம் சாய்ந்து மிதந்தது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியது. அவள் போகவில்லை.

விளக்கைப் பார்த்தாள். அது வெளியேதான் இருந்தது. சவுக்காரம் வெளியே. சட்டை கொட்டிலில். தன் கைகளை மோந்தாள். கடைசியில் டின்னை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே பளபளவென்றிருந்தது. அடித்தகடும் சுற்றுத்தகடும் மடிந்து சேருகிற இடுக்கில் கொண்டை ஊசியை விட்டு இழுத்தாள். ஊசி முனையில் பச்சையாக ஏதோ ஒட்டி வந்தது.

டின்னை முற்றத்தில் கவிழ்த்தாள். பிறகு சண்முகவடிவின் கதவைத் தட்டினாள்.

சண்முகவடிவுக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அவள் கேலி பேசவில்லை. பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த புதுப்பானையை உறியிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பை ஊதினாள். காளியாயி பீலித் தண்ணீரோடு வெந்நீரைக் கலந்து, விரல் விட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரை இறைத்து இறைத்து மாற்றினாள். மத்தியானம் இன்னொரு மீன் மிதந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு. கீரைப் பாத்தியோரம் குழி தோண்டிப் புதைத்தாள். மீதி இரண்டும் மெல்லத் தண்ணீருக்கடியில் இறங்கின.

கந்தப்பன் குளித்துவிட்டு வாசலில் வந்து நின்றான். டின் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

"பெரட்டுக்கு வரலையாமே. கங்காணி கேட்டாரு."

"நாலு செத்துப்போச்சுங்க."

அவன் தலை துவட்டுவதை நிறுத்தினான்.

"டின்னு இடுக்குல பச்சையா ஒட்டியிருந்துச்சு. எங்க கழுவுனீங்க?"

"ஸ்டோர்ப் பீலியில. சாம்பல் போட்டு. ஒரு தடவைக்கு மூணு தடவ."

"தேய்ச்சீங்க. ஒங்க உள்ளங்கை உரிஞ்சிருந்ததப் பாத்தேன்." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பீலித் தண்ணி ஓடுற கான்ல தவள கெடக்கா?"

அவன் துண்டைத் தோளில் போட்டான்.

"முந்தி கெடந்துச்சு. மருந்து டின்ன அங்க கழுவ ஆரம்பிச்சதுலருந்து ஒண்ணும் இல்ல."

"அது தெரிஞ்சுமா?"

"இடுக்குல மருந்து நிக்கும்னு நெனைக்கல."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை என்றும் பட்டது. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். வழக்கமாக அவன் இஸ்தோப்பிலேயே குடிப்பான். இன்றைக்குக் கோப்பையை வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். இரண்டு கைகளையும் மறுபடி துண்டில் துடைத்தான். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். மீன் வந்து ஒன்றரை மாதமாகிறது. அவன் அதன் முன்னால் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

அவள் மேசைவிரிப்பின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு மீன்களும் அடியில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

"உசிரு நிக்குமா?"

"நிக்கும் போலத்தான் இருக்கு. வாலு ஆடுது."

அவன் கண்ணாடியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"நின்னுச்சுன்னா நீ போயிருவியா, புள்ள?"