மடக்கு நிமிர்ந்த பால்கனி

நான் அசையாமல் நிற்பதற்குச் சம்பளம் வாங்குபவள். சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு வேலைதான். டிவி தொடரில் கதாநாயகி வந்து நிற்பதற்கு முன்னால், அவர் நிற்கப்போகும் இடத்தில், அதே நிற உடையும் அதே மாதிரி விக்கும் மாட்டிக்கொண்டு ஒருத்தி நிற்க வேண்டும். ஒளிப்பதிவாளர் அவள் மேல் வெளிச்சத்தைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். திருப்தியானதும் "ஆளை மாத்து" என்று கத்துவார். நான் நகர்வேன், நாயகி வருவார். ஒரு ஈ என் மூக்கின் மேல் ஊர்வலமே போனபோதும் நான் அசைந்ததில்லை. அதனால் யூனிட்டில் எனக்குப் பெயர் சிலை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நாயகனுக்காக நிற்பவருக்குப் பெயர் மடக்கு. நாயகனைவிட அவர் இரண்டு அங்குலம் உயரம். வேறு ஆள் அகப்படாததால், முழங்காலை மடக்கி நில் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாக மனிதர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரியே நிற்கிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. விளக்குச் சூட்டில் என் நெற்றி வியர்த்தால், கையை அசைக்கக் கூடாது என்பதால், உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிவிடுவார். அந்தக் காற்றுக்காகவே காய்ச்சலோடு நான் வேலைக்கு வந்த நாட்கள் உண்டு.

தொடரின் கதை இதுதான். ஒரு பிரபல பாடகியும் ஒரு பிரபல பந்தாட்டக்காரரும் காதலிக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் குளியலறை ஜன்னல் வரை அவர்களைத் துரத்துகிறார்கள். பார்க்கிற ஜனங்கள் உருகிப்போகிறார்கள். நிஜத்தில் எங்கள் நாயகனுக்கும் நாயகிக்கும் ஏழாம் பொருத்தம். காதல் காட்சி முடிந்த மறு நொடி, அவர் ஒரு வாசல் வழியாகவும் இவர் இன்னொரு வாசல் வழியாகவும் போவார்கள்.

அன்று மதியம் பால்கனிக் காட்சி. டேப் ஒட்டிய இடத்தில் செருப்பில்லாமல் நானும் மடக்கும் எதிரெதிரே நின்றோம். உள்ளே கேமரா பக்கத்திலிருந்து ஒளிப்பதிவாளர் கத்தினார்.

"சிலை, ஒரு மயிரிழை அசையாதே! கன்னத்துல நிழல் விழுது, பாத்துட்டு இருக்கேன்!"

அந்த நேரம் பார்த்து மடக்கு முழங்காலை நிமிர்த்தினார். மூன்று வருடத்தில் முதல் முறை. என் காதுப் பக்கம் குனிந்தார்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? வாயால சொல்ல வேண்டாம். இஷ்டம்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

உலகத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் தலையை ஆட்டியிருப்பாள். நான் ஆட்டவில்லை. ஏனென்றால் அசையாதே என்று சொல்லியிருக்கிறார்களே! உள்ளுக்குள் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்கிறது, வெளியே கல்லாக நிற்கிறேன். என்னைப் போல ஒரு மண்டூகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் காத்திருந்து பார்த்தார். "சரிங்க, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மறுபடி முழங்காலை மடக்கிக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் "ஆளை மாத்து" வந்துவிட்டது. விக்கிலிருந்து முப்பத்தெட்டு ஊசிகளைக் கழற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் நாங்கள் இருவரும்! எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு புகைப்படக்காரர் பதுங்கியிருந்திருக்கிறார். என் முகத்தை விக் மறைத்திருந்தது, அவர் முகம் விக்குக்குள் புதைந்திருந்தது. 'நாடகக் காதல் நிஜமானது!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாயகன் காதில் என்ன சொன்னார் என்று டிவியில் ஐந்து பேர் அடித்துக்கொண்டார்கள். நாயகன் வழக்கத்தைவிட உயரமாகத் தெரிகிறாரே என்று ஒருவர் கேட்க, காதல் வந்தால் முதுகெலும்பு நிமிரும் என்று ஒரு டாக்டர் விளக்கம் கொடுத்தார். நாயகன் அந்தப் படத்தை வெட்டித் தன் மேக்கப் அறையில் ஒட்டிக்கொண்டார்.

என் அம்மா மட்டும் பேப்பரை உற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நீதானேடி?"

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கால் கட்டைவிரலைத் தூக்கிட்டு நிக்கிற. சின்ன வயசுலேர்ந்து மனசு படபடன்னு அடிச்சா அப்படித்தான் நிப்ப. அது சரி, யாரு இந்தப் பையன்? நல்லா நிமிர்ந்து நிக்கிறானே."

அப்படியானால் நான் அசைந்திருக்கிறேன்! ஆனால் கட்டைவிரலைப் பார்த்து யார் சம்மதத்தைப் புரிந்துகொள்வார்கள்?

செட்டுக்கு ஓடினேன். தயாரிப்பு நிர்வாகி வாசலிலேயே வழி மறித்தார்.

"போட்டோல இருக்கறது நீங்கன்னு மூச்சு விடக் கூடாதும்மா. தொடர் இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. மடக்கை குடோனுக்கு அனுப்பிட்டேன், போனை அணைச்சு வெக்கச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேற ஊர் யூனிட்டுக்குப் போறார். அவரே கேட்டு வாங்கிக்கிட்டது."

அவரே கேட்டு வாங்கிக்கொண்டது! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எந்தக் குடோன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவர் போனும் வெள்ளிக்கிழமை வரை அணைந்தே கிடந்தது.

எங்கள் டைரக்டர் கிடைத்ததை விடுகிற ஆளா? தொடரிலேயே அந்தப் புகைப்படம் வெளியாகிறது என்று கதையை மாற்றி எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் அதே பால்கனி, அதே உடை. இந்த முறை பத்திரிகைக்காரர்களை எதிர் மாடிக்கு முறையாக அழைத்திருந்தார்கள். நாற்பது கேமரா இருக்கும். மடக்கு இல்லாமல் தனக்கு வெளிச்சம் அமையாது என்று ஒளிப்பதிவாளர் பிடிவாதம் பிடித்ததால், பஸ்ஸுக்குக் கிளம்பியவரை வழியிலேயே மடக்கிக் கூட்டி வந்தார்கள். பெட்டியோடுதான் வந்தார்.

என் முகத்தைப் பார்க்காமல் டேப் மேல் வந்து நின்றார். முழங்காலை மடக்கினார். ஐந்து மணிக்கு அவருடைய பஸ். "ஆளை மாத்து" வருவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி ஊசி கழற்றப் போய்விட்டால் என் வாழ்க்கை அந்த முப்பத்தெட்டு ஊசிகளோடு முடிந்தது.

"சிலை, அசையாதே!"

நான் தலையை ஆட்டினேன்.

"ஏய், தலை ஆடுது!"

மறுபடி ஆட்டினேன். விடாமல் ஆட்டினேன். விக் ஒரு பக்கமாகச் சரிந்தது. மடக்கு பதறிப்போனார்.

"என்னங்க ஆச்சு? கழுத்து ஏதாவது பிடிச்சுக்கிச்சா?"

"ஐயோ கடவுளே! அன்னிக்குத் தலையை ஆட்டச் சொன்னீங்கல்ல? இப்ப ஆட்டிட்டு இருக்கேங்க! அன்னிக்கு அசையக் கூடாதுன்னு நின்னுட்டேன். நான் ஒரு லூசு!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். முழங்கால் 'டக்'கென்று சத்தம் போட்டது. என் நெற்றி வியர்த்திருந்தது போல. ஊதிவிட்டார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"மடக்கு! உயரம் தப்புய்யா! காலை மடக்கு!"

"முடியாது சார்" என்றார் மடக்கு. மூன்று வருடத்தில் அவர் சொன்ன முதல் முடியாது அதுதான்.

நான் எதிர் மாடியைப் பார்த்தேன். நாற்பது கேமராவும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒருவர் பன் தின்றுகொண்டிருந்தார். அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தவர் முன்னால் வந்து, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஹலோ! நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நகர்றீங்களா? அந்த ஜோடி எப்பதான் வருவாங்க?"

நாங்கள் நகரவில்லை.