மலை தும்மியது

மலை தும்மியது, ஆமாம், நாகமலைதான், நான் அதன் முதுகில் நிற்கும்போதே தும்மியது, அந்தத் தும்மலில் அடிவாரத்து ஊர்களில் ஓடுகள் பறந்தன, புளியமரங்கள் மொட்டையாயின, மதுரைக்குப் போன பஸ் ஒன்று அப்படியே திரும்பித் தேனிப் பக்கம் ஓடியது என்று எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதியிடம் சொல்கிறேன், அவர்கள் காப்பி சிந்தச் சிரிக்கிறார்கள், நெசமா ஆன்ட்டி என்று அந்தப் பெண் கேட்க, பூண்டு உரிக்கும் என் மனைவி தமயந்தி நிமிராமலே, முன்னெல்லாம் மலை மட்டுந்தான் தும்முச்சு, ரிட்டயர் ஆனப்புறம் கடலும் கொட்டாவி விடுது, அப்படி ஒண்ணும் நடக்கலம்மா, நீங்க காப்பியக் குடிங்க என்கிறாள், நாற்பது வருஷமாக இதே பதில்தான், நானும் சிரிக்கிறேன், நடக்கவில்லை என்றால் நான் எதைச் சுமந்துகொண்டிருக்கிறேன், எங்கள் டெலிபோன் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தோடு அந்த மலைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அது, பிறந்து ஒரு மாதம்கூடத் தங்காமல் எங்கள் பிள்ளை போயிருந்தான், வெளியே கூட்டிப்போனால் இவள் முகம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன், இவளோ செருப்பைக் கழற்றி வீசிவிட்டுச் சுடுபாறையில் கையும் காலுமாய்த் தொற்றி எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறாள், நில்லுடி நில்லுடி என்று மூச்சிரைக்க நான் பின்னால், உச்சியில் ஒரு ஆள் அகலம்தான் பாறை, இரண்டு பக்கமும் பள்ளம், விளிம்பில் நின்றவள் திரும்பாமலே, நீங்க எறங்கிப் போங்க, நா வரல என்கிறாள், அவளைப் பிடிக்க எட்டி அடி வைத்தேன், கால் இடறியது, பெரிய கல்லொன்று பெயர்ந்து மலையே அதிர உருண்டது, அடியே, மலை தும்முது, கெட்டியாப் புடிச்சுக்க என்று எதையோ உளறினேன், அவள் வாய் தன்னால், நூறு, என்றது, பிள்ளை தும்மும்போதெல்லாம் நூறு வயசு இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள், அழுதாளா சிரித்தாளா, என் கையைப் பிடித்துப் பாறையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள்.

இறங்கினாள்தானே, கனவில் இறங்குவதில்லை, கல் உருள்கிறது, நூறு என்ற சத்தம் மட்டும் கேட்பதில்லை, என் கையில் முந்தானை மட்டும் இருக்கிறது, விழித்து அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன், இப்போதெல்லாம் கனவுதான் நினைவைவிடத் தெளிவாக இருக்கிறது, அதனால்தான் ஓடுகளையும் பஸ்ஸையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்கிறேன், அந்த நூறை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் கேட்டதில்லை, எதிர்வீட்டார் போய்விட்டார்கள், கதவைச் சாத்திவிட்டு வந்து அவளெதிரே உட்கார்கிறேன், தமயந்தி, இவங்க கிட்டச் சொன்ன மாதிரி இல்ல, எங்கிட்டச் சொல்லு, அன்னைக்கு மலை மேல ஒண்ணுமே நடக்கலையா, என் குரல் எனக்கே யாருடையதோ போலிருக்கிறது, அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளுகிறாள், சன்னலுக்கு வெளியே இருட்டப்போகும் வானத்தின் கீழ் மலை நீளமாய்ப் படுத்திருக்கிறது, அதைப் பார்த்தபடி, தும்முச்சுங்க, என்கிறாள், நாந்தான நூறு சொன்னேன்.