பார்க்க மட்டும்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பார்த்திருக்கக் கூடாத ஒன்றை நான் பார்த்தேன். ஒரு நாள் இல்லை, பதினேழு நாள். பார்க்கப்பட்டவள் என் சொந்த அக்கா.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன். "சர்வர் அறையின் குளிரில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான், பச்சை விளக்குகள்" — அடித்துவிட்டேன். அந்த "அவன்" நான்தான். படர்க்கைக்குள் ஒளிந்துகொண்டால் பழியில் பாதி கழிந்துவிடும் என்று நினைத்திருப்பேன் போல. அடுத்த தொடக்கம்: "அக்காவின் வலது கை விழுந்துபோன அன்று" — அதையும் விட்டேன். தப்புச் செய்தவன் நான். கதையை அவள் தலையில் தொடங்குவானேன்?

ஆகவே மூன்றாவது முறை. நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். எழுத்து ஞாயிற்றுக்கிழமை வேலை. எனக்கு ஆறு வருடம் முன்பே அதே அலுவலகத்தில் சேர்ந்தவள் அக்கா. பாலம், தூண், கூரை எதுவானாலும் மற்றவர்கள் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் "சரிபார்த்தவர்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் அவள் கையெழுத்து விழாமல் யாரும் கான்கிரீட்டைக் கலக்க மாட்டார்கள்.

2.

அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது ஒரு நடைமேம்பாலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சாலைக்குக் குறுக்கே, ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் பேருந்து நிலையம். பாலத்தின் மேல் என்னென்ன சுமை வரலாம் என்று பதினான்கு நிலைமைகள் வைத்திருந்தார்கள். காற்று, நிலநடுக்கம், லாரி வந்து தூணில் மோதுவது, கூட்டம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து வேடிக்கை பார்ப்பது. ஒன்பதை முடித்திருந்தாள். பத்தாவதைத் தொடங்க நாற்காலியை இழுத்தவள் அப்படியே கீழே சரிந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வலது கை மடியில் கிடந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு வந்தன. நான் போனபோதெல்லாம் ஒரே சொல்.

"பாலம்."

"அது வேற யாராவது பார்த்துப்பாங்க அக்கா. நீ முதல்ல உடம்பைப் பாரு."

"நான்... ஒன்பது. நான்... மீதி."

அத்தான் என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போனார். "ஏதாவது பண்ணுடா. வீட்டிலிருந்தே செய்யற மாதிரி. சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. எனக்குத் தாங்கல."

(அத்தானைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவர் நல்லவர். நல்லவர்களை எழுதினால் என் கதைகளில் மேசை நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறார்கள். அவர் தினமும் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவார் என்பது மட்டும் இருக்கட்டும்.)

3.

எங்கள் தலைமைப் பொறியாளருக்கு "அரை மில்லி" என்று பட்டப்பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் போய்க் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஒரு மாசம். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. ஆனா ஒண்ணு, அவங்களைத் தவிர ஒரு ஈ கூட அந்த வழியா உள்ளே வரக் கூடாது."

"வராது சார்."

பாலத்தின் கணினி மாதிரி மிகப் பெரியது. வீட்டு லேப்டாப் தாங்காது. சர்வரில்தான் ஓடும். ஆனால் சர்வருக்கு முகம் கிடையாது. திரை இல்லை, சுட்டி இல்லை, ஜன்னல்கள் இல்லை. கறுப்புப் பின்னணியில் கட்டளைகளை அடிக்கும் என்னைப் போன்றவர்களோடு மட்டும் பேசும். அதற்கு நான் ஒரு டெஸ்க்டாப்பை நிறுவினேன். அந்த டெஸ்க்டாப்பைத் தூரத்திலிருந்து பார்க்க வைக்கும் மென்பொருளைப் போட்டேன். அதை வெளியுலகம் நேராகத் தொட முடியாதபடி சர்வருக்குள்ளேயே பூட்டினேன். வெளியிலிருந்து ஒரே ஒரு வாசல். அது அக்காவின் லேப்டாப்பில் இருக்கும் சாவிக் கோப்புக்கு மட்டும் திறக்கும். அந்த வாசல் வழியே ஒரு சுரங்கப்பாதை, அதற்குள்தான் திரை பயணம் செய்யும். நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் காதில் இரைச்சல்தான் விழும்.

கடைசியில் அந்த மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டது. எட்டு எழுத்து. கொடுத்தேன். பிறகு இன்னொன்று கேட்டது. "பார்க்க மட்டும்" தனியாக ஒரு பாஸ்வேர்டு வேண்டுமா? அதைக் கொண்டு நுழைபவர் திரையைப் பார்க்கலாம். சுட்டியை நகர்த்த முடியாது. ஒரு எழுத்தும் அடிக்க முடியாது.

ஆம், இல்லை.

ஆம் என்றேன்.*

* ஏன் என்று கேட்பீர்கள். அவள் எங்காவது மாட்டிக்கொண்டால் உதவலாமே என்று. அன்று அது உண்மை. அவளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

4.

"எட்டு எழுத்து அக்கா. எல்லாமே இடது கைப் பக்கம் இருக்கற எழுத்து. வலது கையைத் தொந்தரவே பண்ண வேண்டாம்."

அவள் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். மடியில் கிடந்த கையைக் காட்டினாள். "அதுக்கு... லீவு."

ஒற்றை விரலால் எட்டு எழுத்தையும் தேடித் தேடி அடித்தாள். திரை விரிந்தது. நடுவில் அவளுடைய பாலம், பச்சைக் கோடுகளில், அவள் விட்டுவிட்டு விழுந்த அதே கோணத்தில். அக்கா நீண்ட நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பிடித்து முறுக்கினாள், சின்ன வயதில் செய்தது போல. அத்தான் சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

5.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் உள்ளே வந்தாள். பத்தேகாலுக்கு என் மேசையிலிருந்து நானும் உள்ளே போனேன். பார்க்க மட்டும்.

சுட்டி மெல்ல ஊர்ந்தது. கோப்பு திறந்தது. பத்தாவது நிலைமை, கூட்டம் ஒரே பக்கம். ஒரு கட்டத்தில் 4.5 என்று அடித்தாள். அழித்தாள். 5.4. அழித்தாள். 45. அழித்தாள். ஒரு மணிக்கு வெளியேறினாள்.

இரண்டாம் நாளும் அதே கட்டம். மூன்றாம் நாளும். எண்கள் அவளிடமிருந்து போயிருந்தன. எல்லாம் போகவில்லை. போயிருக்கிறது என்று தெரிகிற அளவு மிஞ்சியிருந்தது. தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது, சரி எது என்று தெரியவில்லை. இருபது வருடம் அடுத்தவர் தப்பைப் பிடித்தவள், மூன்று மணி நேரம் ஒரே கட்டத்தில் தன் தப்பை அழித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அத்தான் போன் செய்வார். குரலில் பழைய தெம்பு. "இன்னிக்கு ஒண்ணு முடிச்சிட்டாளாம்டா!"

"அப்படியா அத்தான். நல்லது."

(இங்கே எனக்குச் சந்தேகம் வருகிறது. அக்காவைப் பாவப்பட்டவளாகவே எழுதிக்கொண்டு போகிறேனோ? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். விரலுக்குப் பயிற்சி என்று கொடுத்த ரப்பர் பந்தைப் பயிற்சி கொடுத்தவர் மீதே எறிந்தாள். இடது கையால், குறி தப்பாமல். நான் பார்த்த அந்தச் சின்னத் திரையில் இதெல்லாம் தெரியாது. அதில் ஊர்ந்துகொண்டிருந்தது சுட்டி மட்டும். அவளை அவ்வளவுதான் என்று நான் நினைக்கத் தொடங்கியது அங்கேதான்.)

6.

பதினான்காம் நாள் அரை மில்லி கேட்டார். "எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"ரெண்டு முடிஞ்சிருக்கு சார். மீதியும் வந்துடும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அக்காவின் பக்கத்து மேசைக்காரியிடம் போனேன். அக்காவிடம் தொழில் பேசவும் சண்டை போடவும் உரிமை உள்ள ஒரே ஆள்.

"மீதி அஞ்சையும் நீங்க போட்டுக் குடுக்க முடியுமா? நகல்ல. நான் அவ ஃபோல்டர்ல வெச்சிடறேன்."

"யார் பேர்ல போகும்?"

"அக்கா பேர்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

"இது சரியில்ல. எனக்குப் பிடிக்கல." ஆனாலும் செய்தாள். இரண்டு பிற்பகல், சாப்பிடாமல். முடித்துக் கொடுக்கும்போது கண் சிவந்திருந்தது. பதினாறாம் நாள் அக்கா வெளியேறிய பிறகு, பத்து முதல் பதினான்கு வரை நிரப்பிய கோப்பை அவள் கோப்பின் இடத்தில் வைத்தேன். அன்றைக்கே அரை மில்லி வரைபடத்தை அச்சுக்கு அனுப்பினார்.

7.

பதினேழாம் நாள் பத்து மணிக்கு வந்தாள். கோப்பு திறந்தது. சுட்டி பத்தாவது நிலைமைக்குப் போய் நின்றது. பதினொன்று. பன்னிரண்டு. மறுபடி பத்து. அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தாள். குறிப்பெழுதும் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். போனில் செய்தி அனுப்புவது போல, ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொரு எழுத்தாக.

நான் செய்யல

நிறுத்தினாள்.

யார் பார்த்தது

பிறகு, நெடுநேரம் கழித்து:

தம்பி இருக்கியா

எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும்? அந்த மூன்று மணி நேரங்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாளா? எனக்குத் தெரியாது. என் விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. நான் நுழைந்திருந்த பாஸ்வேர்டு பார்க்க மட்டும். ஆம் என்று அடிக்கக்கூட அதில் வழியில்லை. மற்ற பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும், போட்டதே நான்தான். அரை நிமிட வேலை.

கேள்விக்குப் பக்கத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. பதினொரு நிமிடம் பார்த்தேன். பிறகு என் ஜன்னலை மூடிவிட்டேன்.

இந்த இடத்துக்கு வேறு மாதிரி எழுதிப் பார்த்தவை:

அ) உள்ளே போய் "இருக்கேன் அக்கா" என்று அடித்தேன். அவள் — எழுத முடியவில்லை.

ஆ) மெல்ல மெல்ல அவளுக்கு எண்கள் திரும்பி வந்தன, ஒரு நாள் பத்தாவது நிலைமையை அவளே — வெட்கமாக இருக்கிறது.

8.

மறுநாள் காலை அலுவலக வாசலில் கார் நின்றது. அத்தான் ஒரு பக்கம், கைத்தடி ஒரு பக்கம். படி ஏறி வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றோம். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக அரை மில்லியின் மேசை. அச்சாகி வந்த வரைபடம் விரிந்து கிடந்தது. கீழ் மூலையில், சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், அவள் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி. அதை அன்று மாலை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் வாங்குவதாக இருந்தது.

அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார், பெருமையோடு. "வாங்கம்மா. நீங்களே வந்துட்டீங்க."

இடது கையில் வாங்கினாள். தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோணல்மாணலான கோடு. கட்டத்தைத் தாண்டிப் போனது.

"நான்... பார்க்கல."

அவருக்குப் புரியவில்லை. அக்கா திரும்பி, பக்கத்து மேசைக்காரியிடம் பேனாவை நீட்டினாள். அவள் அழுதுகொண்டே வந்து வாங்கினாள்.

"அஞ்சும்... சரியா?"

"சரிதான். ரெண்டு தடவை போட்டேன்."

"ஒன்பது?"

"அதையும் பார்த்தேன். எல்லாம் சரி."

அக்கா தலையசைத்தாள். "கூட்டம்... நடக்கும்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

படி இறங்கும்போது நான் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"சொல்லி... இருக்கலாம்."

கதவை அத்தான் சாத்தினார். அன்று பிற்பகல் சர்வரில் அவள் கணக்கை நீக்கினேன், வாசலை அடைத்தேன், இரண்டு பாஸ்வேர்டுகளையும் அழித்தேன். அரை மில்லி என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. அது குறைவு.

9.

இரண்டு வருடம் ஆகிறது. பாலம் கட்டியாயிற்று. நான் போகிறேன், வருகிறேன். அக்கா டீ கொடுக்கச் சொல்வாள், சீட்டு விளையாடுவோம், ஏமாற்றுவாள். அந்தப் பதினேழு நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இங்கே ஒரு முடிவு வர வேண்டும். மூன்று எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் என்னை மன்னிக்கிறாள். ஒன்றில் மன்னிக்கவில்லை. ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் — அந்த வாக்கியத்தை எழுதியதற்கே என்னை அறைய வேண்டும். மூன்றையும் கிழித்தேன். அவள் முடிக்காததை அவளுக்குத் தெரியாமல் நான் முடித்துவைத்து, அவள் இடத்தில் வைப்பது. இதைத்தானே முன்பும் செய்தேன்? நீங்களும் இவ்வளவு நேரம் என் தோளுக்கு மேலாக அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் முடிவைக் கேட்பதும் நியாயமில்லை. நாம் இரண்டு பேரும் பார்க்க மட்டும் வந்தவர்கள்.

ஆகவே இன்று காலை போன் செய்தேன்.

"அக்கா, ஒண்ணு எழுதியிருக்கேன். உன்னைப் பத்தி. அந்தப் பாலத்தைப் பத்தி. உன்னைக் கேக்காம எழுதிட்டேன். முடிக்கல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வார்த்தையைத் தேடுகிறாளா, கோபமா என்று போனில் தெரியாது. இந்த முறை நான் வைக்கவில்லை. காத்திருந்தேன்.

"கொண்டா" என்றாள்.