கையெழுத்துப் போட்ட சாம்பிள்

எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. துணி வாங்கும் பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிளை யாரும் தொடக் கூடாது. பட்டன் மாற்றுவதென்றாலும் அவரிடம் கேட்க வேண்டும். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது.

2007இல் ஆடியோ கம்பெனி கிட்டுசாமி என் ராப் பாட்டை சிடியாகப் போடுகிறேன் என்றார். வேகமாகச் சொல்லும் பகுதி என்னுடையது. நடுவில் வரும் நான்கு வரியை வேல்விழி பாடுவாள். அவளே கட்டிய வரிகள். எங்கள் தையல் லைனில் ஓவர்லாக் மெஷின் அடிப்பவள். தையில் கல்யாணம் என்று பேசியிருந்தோம்.

“எல்லாம் நீங்க எழுதுனதுதானுங்க தம்பி?” என்று கேட்டார் கிட்டுசாமி.

அவள் பெயரைச் சொன்னால் பேச்சு இழுக்கும், சிடி தள்ளிப்போகும். “ஆமாண்ணே” என்றேன். ஒப்பந்தத்தின் பதினோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். இனி என்னைக் கேட்காமல் பாட்டில் யாரும் கை வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தன் பாட்டு சிடியில் வருகிறதென்று வேல்விழி லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். “பாட்டுக்காரி வர்றா, வழி விடுங்கடி” என்பாள் செக்கிங் பாண்டியம்மாள்.

சிடி வந்த அன்று டீ நேரத்தில் பேக்கிங் செக்‌ஷனில் போட்டார்கள். அவளுடைய நான்கு வரி வந்தது. குரல் வேறு யாருடையதோ.

“ஏண்டி, அன்னைக்கு உனக்குச் சளியா?” என்றாள் பாண்டியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்தாள்.

நான் போய்க் கேட்டதற்குக் கிட்டுசாமி கோபப்படவில்லை. ஏழாம் பக்கத்தைக் காட்டினார். “வித்த துணிய வாங்குனவன் எப்படி வேணா வெட்டித் தைப்பானுங்க தம்பி.”

மறுநாள் வேல்விழி ஒன்றே ஒன்று கேட்டாள். “ஆயுத பூசைக்குக் கம்பெனில பாடுவாகல்ல, அன்னைக்கு நான் பாடுறேன். நம்ம லைன் கேட்டாப் போதும்.”

“முடியாது. பத்து வருசத்துக்கு யாரும் எங்கயும் பாடக் கூடாதாம்.”

“நீ பாடக் கூடாது. என் வரிய நான் பாட என்ன?”

நான் கீழே கிடந்த வெட்டுத்துணியைப் பொறுக்கினேன். அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

“நீ எழுதுனதுன்னு சொல்லிட்டியா முனீஸ்?”

ஆயுத பூசையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். அவளையும் பாடக் கூப்பிட்டார்கள். பாண்டியம்மாளே மைக்கை நீட்டினாள்.

வேல்விழி என்னைப் பார்க்கவில்லை. “எனக்குப் பாட வராதுக்கா” என்றாள்.