வளைவுக்கு ஒரு முழுப்பெயர்

டாக்டர் ஹால்வர்சன் உறைந்த ஏரியில் துளை போட்டு, மீனுக்காகக் குந்தியிருந்தார். நான் பனியில் அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அமெரிக்காவின் வடகோடியிலுள்ள டுலூத் நகரில் அன்று அடித்த குளிரில், ஒரு காகம் பறந்தபடியே உறைந்து அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இதைச் சத்தியம் செய்தே சொல்கிறேன். மை உறையாதிருக்கப் பேனாவை அக்குளில் இடுக்கியிருந்தேன். டாக்டர்கள் எழுதும் நோய்களுக்குக் காப்பீட்டுக்கான குறியீடு போடுவது ஆஸ்பத்திரியில் என் வேலை. பதின்மூன்று வயது சிக்னேவுக்குச் செவ்வாயன்று முதுகில் அறுவைச் சிகிச்சை. டாக்டரோ குறிப்பில் 'முதுகு வளைவு' என்று மட்டும் கிறுக்கியிருந்தார். அதற்கு 'வகை குறிப்பிடப்படாதது' என்ற குறியீடுதான் கிடைக்கும். அதனால் காப்பீட்டுக்காரர்கள் அனுமதி மறுத்துவிட்டார்கள். மாலை ஐந்துக்குள் டாக்டரின் எழுத்தில் முழு விவரம் போகவேண்டும். அப்போது மணி மூன்று.

"லோர்னா! மீன் பிடிக்க வந்தியா, என்னைப் பிடிக்க வந்தியா?"

"மீனு கையெழுத்து போடுமா டாக்டர்? சிக்னேவோட வளைவு என்ன வகை, எந்த இடத்துல? எழுதிக் குடுங்க."

"எக்ஸ்ரேவ நீயும் பாத்தேல்ல? நீயே எழுது, கையெழுத்து போடறேன்."

"நான் பாத்தது செல்லாது. பதில உங்க வாயில வெக்கவும் கூடாது. கேக்க மட்டுந்தான் முடியும்."

"வளைஞ்சிருக்குன்னா வளைஞ்சிருக்கு!"

"என் கார் பம்பரும்தான் வளைஞ்சிருக்கு. அதுக்கும் ஆபரேஷனா?"

முறைத்தார். காகிதத்தைப் பிடுங்கி எழுதினார்: பதின்பருவத்தில் காரணம் தெரியாமல் வரும் பக்கவளைவு, மார்புப் பகுதி, ஐம்பத்து நான்கு டிகிரி. அந்த நேரம் பார்த்துத் தூண்டில் துள்ளியது.

"பிடி லோர்னா, போகுது!"

"முதல்ல தேதி போடுங்க!"

தேதி விழுந்தது. தூண்டில் கம்போடு துளைக்குள் போய்விட்டது. அந்த மீன் நிச்சயம் பள்ளிப் பேருந்து நீளம்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஃபேக்ஸ் போனது. திங்கட்கிழமை அனுமதி வந்ததும் நான் குதித்த குதியில், மேல்மாடிப் பிரசவ வார்டில் இரண்டு குழந்தைகள் நேரத்துக்கு முன்பே பிறந்துவிட்டன.

மே மாதம், பதின்பருவப் பிள்ளைகள் சபையில் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனைக்கு முன், தேவாலயத்தின் பின்னறையில் சிக்னேவைப் பார்த்தேன். அறுவைக்கு முன், அவள் சாய்ந்து நின்ற நாளில் தைத்த வெள்ளை அங்கி. சமமாகத் தெரிய, அம்மா ஒரு பக்கத்தை இரண்டு விரற்கடை நீளமாக விட்டிருந்தாள். இப்போது அந்தப் பக்கம் தரையில் புரண்டது. அம்மா வாயில் குண்டூசிகளோடு முழந்தாளிட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேரா நில்லுடி," என்றாள், பழக்கத்தில்.

"நேராத்தாம்மா நிக்கறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிரித்த நூல் அவள் விரலிலிருந்து தொங்கியபடியே இருந்தது.