கடைசி ஓவரின் இரண்டாவது பந்து

அந்தக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரீப்ளே என்றால்தான் தெரியும். இந்திய அணிக்கு எதிராக முப்பது வருடங்களில் கொடுக்கப்பட்ட தப்பான தீர்ப்புகள் அத்தனையும் அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தன. கேட்டால் எடுத்துப் போடுவார். கேட்காவிட்டாலும் போடுவார். ஸ்கேலை மட்டையாகப் பிடித்துக்கொண்டு, "கால் இங்க இருக்கு, பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகுது, குருடனுக்கும் தெரியும்" என்று விளக்குவார். சோதனை மெஷினில் முகவாயைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் "ஆமா சார்" என்பார். முகவாய் மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழி கிடையாது.

நம் அணி தோற்ற ஆட்டங்களை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். அம்பயரால் தோற்றவை, நம் ஆட்டத்தால் தோற்றவை. இரண்டாவது பிரிவில் இதுவரை எதுவும் சேரவில்லை. நமக்குச் சாதகமாகப் போன தப்புத் தீர்ப்புகளும் உண்டே என்று கேஷியர் அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அதெல்லாம் ஆட்டத்துல சகஜம்மா" என்று முடித்துவிட்டார். அம்பயர் தீர்ப்பை டிவியில் சரிபார்க்கும் ரிவ்யூ வேண்டாம் என்று நம்ம கிரிக்கெட் போர்டு வருஷக்கணக்கில் அடம்பிடித்தபோது அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. போர்டு பிறகு ஒப்புக்கொண்டதும், முதலிலிருந்தே நான் அதைத்தானே சொல்கிறேன் என்றார்.

சோதனை அறை அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடி டப்பா இருக்கும். ஒரு வெளிநாட்டு அம்பயருக்காக அவர் செய்ய வைத்தது. டிவியில் பார்த்தே பவர் கணித்திருந்தார், இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஒன்றரை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி இழைத்துக் கொடுத்தது பின்பக்கப் பட்டறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. முகவரி கிடைக்காததால் டப்பா போகவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறு. "உள்ளூர் அம்பயரைக்கூட நம்பலாம். இந்த நடுநிலை அம்பயர் இருக்கான் பாருங்க, அவன்தான் ஆபத்து. நமக்குச் சரியாக் கொடுத்தாலும், விலை போயிட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்க. அந்தப் பயத்துல நம்ம பக்கம்னாலே விரல் எழும்பாது. நியாயமா இருக்கறதைவிட நியாயமாத் தெரியறதுதான் அவனுக்கு முக்கியம்."

இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவர் மனைவி நூறு தடவையும் கேட்டிருக்கிறாள்.

வருடத்துக்கு ஒருமுறை கடைக்கும் பட்டறைக்கும் ஆறு ஓவர் மேட்ச் நடக்கும். ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு கோப்பையும், திங்கட்கிழமை அரை நாள் லீவும். பட்டறையில் ஆறே பேர் என்பதால் ஆளுக்கு ஒரு ஓவர் போட்டே ஆகவேண்டும் என்பது விதி. இந்த வருடம் அம்பயராக ரீப்ளேயைப் போட்டார்கள். அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? கடையில் சம்பளம் வாங்குகிறார், பட்டறைக்காரிக்குத் தாலி கட்டியிருக்கிறார். இதைவிட நடுவில் ஒரு மனிதன் நிற்க முடியாது. அவரும் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு, தொப்பி வாங்கி, பந்து எண்ணுவதற்கு ஆறு கூழாங்கற்களைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

கடைசி ஓவர். கடைக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். மிச்சம் ஒரே விக்கெட். மட்டையோடு நிற்பவர் கடை மேனேஜர். பந்து போட வந்தவள் ரீப்ளேயின் மனைவி.

அவள் அதற்கு முன் மைதானத்தில் பந்து போட்டதில்லை. ஒரு வாரமாக மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு வாளியை வைத்துப் பழகியிருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்பயரிடம் கொடுத்தாள். அவர் அந்நியரைப் பார்ப்பதுபோல் தலையசைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் பந்தில் மேனேஜர் இரண்டு ரன் ஓடினார். இரண்டாவது பந்து வாளிக்குப் போடுவதுபோலவே நேராக வந்தது. மேனேஜர் பெரிதாக வீசினார். டிக் என்று ஒரு சத்தம். பந்து திசை மாறி விக்கெட் கீப்பர் கையில் உட்கார்ந்தது.

பட்டறை முழுக்கக் கத்தியது. அவள் மட்டும் கத்தவில்லை. பதினாறு வருடமாகச் சாணைச் சக்கரத்தில் லென்ஸ் இழைக்கிறவள். கண்ணாடி விளிம்பு உடையப் போகிறது என்றால் கண்ணுக்குத் தெரியுமுன் அவளுக்குக் காதில் தெரிந்துவிடும். அந்த டிக் அவளுக்குச் சந்தேகமான சத்தமே இல்லை. அதனால் அவள் அவுட் கேட்டுக் கத்தவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்து, விரலுக்காகக் காத்திருந்தாள். லேசாகச் சிரித்தாள்கூட.

ரீப்ளேக்கும் கேட்டது. பந்து திரும்பியதும் தெரிந்தது. விரல் பையிலிருந்து பாதி வெளியே வந்தது. அப்போது எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களின் முகங்கள் தெரிந்தன. மேனேஜர் நகராமல், தூசு தட்டுவதுபோல் மட்டையைத் தட்டிக்கொண்டு இவரையே பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"நாட் அவுட்."

அடுத்த பந்து நாலு. அதற்கடுத்தது சும்மா போனது. ஐந்தாவது பந்து வேலிக்கு வெளியே ஒரு சிக்ஸர். கடை ஜெயித்தது.

அவள் அவரிடம் வந்து கையை நீட்டினாள். "வாட்ச்" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கடைக்காரர்கள் அரை நாள் லீவில் கிளம்புமுன் மேனேஜர் ஒரு சின்னக் கூட்டம் போட்டார். கூலிங் கிளாஸ் அலமாரியின் நடுத்தட்டில் கோப்பையை வைத்துவிட்டுப் பேசினார். "சொந்தப் பொண்டாட்டி பந்து போடுறா. ஊரே அவுட்டுன்னு கத்துது. நம்ம ரீப்ளே அசையல. நேர்மைன்னா இதுதான் நேர்மை." பில் அடிக்கும் பிரிண்டரில் தங்க நிற பார்டரோடு அச்சடித்த 'சிறந்த நடுவர்' சான்றிதழ் அவருக்குக் கொடுக்கப்பட்டது. போட்டியில் நடுவரே ஒருவர்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கைதட்டினார்கள். பின்பக்கம் பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் அந்த வாரம் எது கெட்டாலும் அதற்குக் கடைசி ஓவர் என்று பெயர். லென்ஸ் உடைந்தால், "என்னக்கா, கடைசி ஓவர் போட்டுட்டீங்களா?" என்று பாலிஷ் போடுகிறவன் கேட்பான். "அரை நாள் லீவு போச்சு. அஞ்சு பந்துல பன்னெண்டு ரன்" என்று சூப்பர்வைசர் பெருமூச்சு விடுவார். அவள் பதில் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. சண்டை போட்டிருந்தால் ரீப்ளே பிழைத்திருப்பார்.

அவர் தனக்குள்ளே மேல்முறையீடு நடத்திக்கொண்டிருந்தார். முதல் இரண்டு நாள், காற்று அடித்தது, சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டார். அது நிற்கவில்லை. பிறகு, கேட்டது, ஆனால் மனைவிக்குக் கொடுத்தால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்களே என்பதற்கு வந்தார். அதில் கொஞ்சம் கௌரவம் இருந்தது. சான்றிதழும் அதைத்தான் சொன்னது. வீட்டுக்குக் கொண்டுபோகாமல், மேஜை டிராயரில் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் அணிக்கு மேட்ச். மனைவியின் தம்பி பார்க்க வந்திருந்தான். ஆட்டத்தைவிட மாமாவின் வர்ணனைக்காகத்தான் வருவான். நம் பந்துவீச்சாளர் போட்ட பந்து எதிரணிக்காரனின் மட்டையை உரசிக்கொண்டு போனது. பதினோரு பேரும் கத்தினார்கள். அம்பயர் தலையை ஆட்டினார். நம்மிடம் ரிவ்யூ மிச்சமில்லை.

தம்பி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரீப்ளே தண்ணீர் குடித்தார்.

"என்ன மாமா, ஒன்னும் சொல்லல? உடம்பு சரியில்லையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அந்த மைனஸ் ஒன்றரைய இவனுக்காவது அனுப்புங்க மாமா. குருட்டுப் பய."

உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றிருந்த மனைவி டிவியையே பார்த்தபடி கேட்டாள். "அந்தாளுக்குக் கேட்டிருக்காதா?"

"கேட்டிருக்கும்" என்றார் ரீப்ளே.

"அப்புறம் ஏன் கொடுக்கல?"

"பயந்திருப்பான்."

"என்ன பயம்?"

"நாலு பேர் தப்பாப் பேசுவாங்கன்னு."

"ஓ." அவள் தம்பியின் கையிலிருந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "மட்டையோட நிக்கிறவன் பெரிய ஆளா இல்லாம, கடை டெலிவரி எடுத்துட்டுப் போற ஆளா இருந்திருந்தா?"

டிவியில் ரீப்ளே ஓடியது. பந்து மட்டையைத் தொடுவதை மூன்று கோணத்தில் காட்டினார்கள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "டெலிவரி ஆளு எங்கக்கா அங்க வந்தான்?" என்றான். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ரீப்ளேயின் மேல்முறையீடு அத்தோடு தள்ளுபடி ஆனது. நாலு பேர் அல்ல. ஒரே ஒருவர்தான். சம்பள உயர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர், மட்டையைத் தட்டிக்கொண்டு, இவரையே பார்த்தவர். அந்த அரை விநாடியில் ரீப்ளேயின் கண்ணுக்குப் பந்து தெரிந்தது, மனைவியின் சிரிப்பும் தெரிந்தது. தெரிந்தேதான் விரலை உள்ளே விட்டார்.

மறுநாள் காலை, கடைக்கும் பட்டறைக்கும் நடுவே தண்ணீர் மெஷின் இருக்கும் நடையில், அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றார். ஸ்கோர் தாள் இன்னும் அங்கேதான் ஒட்டியிருந்தது. லென்ஸில் மையப் புள்ளி வைக்கிற சிவப்புப் பேனாவை எடுத்தார். மேனேஜர் பெயருக்கு எதிரே இருந்த 'நாட் அவுட்'டை அடித்துவிட்டு 'அவுட், கீப்பர் கேட்ச்' என்று எழுதினார். மனைவியின் பெயருக்கு எதிரே விக்கெட் பூஜ்ஜியத்தை அடித்து ஒன்று போட்டார். கீழே கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். பரிசோதனைச் சீட்டுகளில் தேதி போட்டே பழகியவர்.

தண்ணீர் பிடிக்க வந்த கேஷியர் அம்மா பார்த்தாள். பத்து நிமிடத்தில் மேனேஜரும் வந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"அன்னைக்கு நீங்க அவுட் சார். பேட்ல பட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு" என்றார் மேனேஜர் சாதாரணமாக. "நீங்க கொடுக்கல, நான் நின்னேன். அம்பயர் சொல்ற வரைக்கும் நகரவே கூடாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க?" பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், சுற்றி நிற்பவர்களுக்காக. "வீட்ல ஒரு வாரமா சாப்பாடு போடலையா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரர்களும் சிரித்தார்கள். பொய்யைச் சொன்னபோது கைதட்டிய அதே கூட்டம், பொண்டாட்டிக்குப் பயந்து ரிசல்ட்டை மாற்றுகிற மனுஷன் என்று இப்போது அவரைப் பார்த்தது. நேர்மை அவரிடமிருந்து போய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் மனைவி பட்டறையிலிருந்து வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, பவர் சீட்டைச் சரிபார்ப்பதுபோலப் படித்தாள்.

"இது சரியில்லையே" என்றாள்.

"என்ன?"

"ஒரு ஓவர், பன்னெண்டு ரன், ஒரு விக்கெட்னு இருக்கு. அவர் ரெண்டாவது பந்துல அவுட்டுன்னா, அப்புறம் பத்து ரன்னை யார் அடிச்சது? ரெண்டு பந்து, ரெண்டு ரன். அதோட முடிஞ்சுது." விரலைக் கீழே நகர்த்தினாள். "ஜெயிச்சது யாருங்கறதை நீங்க தொடவே இல்லை."

ரீப்ளே தாளைப் பார்த்தார். உண்மைதான். 'வெற்றி: கடை' என்ற வரி அப்படியே இருந்தது. விக்கெட்டை மனைவிக்குக் கொடுத்துவிட்டுக் கோப்பையை மேனேஜரிடமே விட்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் பாதிதான் ஒப்புக்கொண்டிருந்தார். அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

ரீப்ளே பன்னிரண்டை அடித்தார். இரண்டு என்று எழுதினார். 'கடை' என்பதையும் அடித்தார். 'பட்டறை, ஒன்பது ரன்னில்' என்று எழுதி முடித்தார். மேனேஜர் உள்ளே போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அது நல்ல அறிகுறி அல்ல என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"அன்னைக்கே விரலைத் தூக்கியிருந்தா இவ்வளவு எழுத வேண்டாம்" என்றாள் மனைவி. பட்டறைக்குப் போனாள். சாணைச் சக்கரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ரீப்ளே சோதனை அறைக்கு வந்தார். அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து, டிராயரில் சான்றிதழின் மேல் வைத்து மூடினார். முதல் வாடிக்கையாளர் அதற்குள் முகவாயை மெஷினில் வைத்துவிட்டார், பழைய ஆள்.

"நேத்து பார்த்தீங்களா சார்? அவ்வளவு பெரிய எட்ஜ். அந்த அம்பயருக்குக் கண்ணே தெரியல."

"தெரிஞ்சிருக்கும்" என்றார் ரீப்ளே. "இடது கண்ணை மூடிக்கிட்டு, மேல் வரியிலேர்ந்து படிங்க."