விரல் கிடைக்காத நாள்

பாண்டீஸ்வரி பீரோவின் அடித்தட்டுக்குள் தோள்வரை கையை விட்டு, கிழிந்த கொசுவலைக்கும் பழைய பாவாடைகளுக்கும் கீழே கிடந்த கனத்த சுருட்டை இழுத்து வெளியே போட்டாள்.

"இது ஆகும்ல அருணா? பந்தக்காரன் நாலே நாலு ஜமுக்காளம் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டான். வந்தவக எல்லாம் நிக்கிறாக."

அருணா திரும்பிப் பார்க்கவில்லை. "எதையாச்சும் விரிங்க மதினி" என்றாள்.

முன்னறையில் ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அவள் கணவன் விஜயகுமார் படுத்திருந்தான். நேற்று மதியம் ஏலக்காய் ஏல மையத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன், குழாயைத் திறந்த கையோடு சரிந்துவிட்டான். நாற்பத்தொன்பது வயது. ஏலக்காய் வாங்குகிற பத்துப் பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள்.

பாண்டீஸ்வரி செத்தவனுக்கு அக்கா. அழுகையை அதிகாலையிலேயே முடித்துக்கொண்டு, வீட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்திருந்தாள். சுருட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பந்தலின் நடுவில் உதறி விரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பேச்சு மாறியது. சாவு வீட்டுப் பேச்சுக்கு ஒரு தாழ்ந்த சுதி உண்டு. அது கலைந்து, யாரோ அடக்கிக்கொண்டு சிரிப்பது கேட்டது. அருணா எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள்.

மாலையோடு வந்த தங்கபாண்டியன், விஜயகுமாரோடு இருபது வருஷம் போட்டி போட்டு ஏலம் கேட்டவர், விரிப்பின் ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னாத்தா இது, வாசல்ல கெணறு வெட்டி வச்சிருக்கீக?"

"துணிதாண்ணே. தாண்டி வாங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

"துணின்னு கண்ணுக்குத் தெரியுது ஆத்தா. காலு நம்ப மாட்டேங்குதே."

அவர் சுற்றிக்கொண்டுதான் வந்தார். பின்னால் வந்தவர்களும் சுற்றினார்கள். சங்கு ஊதுகிறவர் கீழே பார்த்து, சங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நடந்தார். நான்கு ஓரங்களிலும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நடுவில் ஆறடி அகலத்துக்கு யாரும் இல்லை.

சிவப்பும் பச்சையும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தைத்த குயில்ட்டு.

ஜன்னல் கம்பியை அருணா இறுக்கிப் பிடித்தாள்.

அவள் தைப்பது சாதாரண ஒட்டுப்போர்வை இல்லை. துணியை விரலகலப் பட்டைகளாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அகலத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஒட்டித் தைப்பாள். கணக்குச் சரியாக இருந்தால், தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தட்டைத் துணியில் பள்ளம் இறங்கும், அல்லது பந்து மாதிரி புடைக்கும். நூல் அளவு பிசகினால் வெறும் கோடுதான். கஷ்டம் என்னவென்றால், மாதக்கணக்கில் முகத்தோடு வைத்துத் தைத்த அவள் கண்ணுக்கு அது ஏறாது. அவளுக்குத் தையல்தான் தெரியும். வேறு கண் வேண்டும்.

அந்தக் கண் விஜயகுமாருடையது. கொடிக் கம்பியில் அவள் குயில்ட்டை மாட்டுவாள். அவன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே போய் நிற்பான்.

"குழி விழுதா?"

அவசரப்பட மாட்டான். தட்டில் கொட்டிய ஏலக்காயைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். "விழுது" என்பான். அல்லது, "தட்டை" என்பான். தட்டை என்றால் அன்று மாலையே அவள் பிரித்துவிடுவாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? நல்ல சரக்கைக் கண்டால் முகத்தைச் சுளிப்பதும், மட்டச் சரக்கைக் கண்டால் அடுத்தவனிடம் புகழ்வதும் தொழிலாக இருக்கிற போடியில், விஜயகுமாருக்கு மட்டும் கண்ணுக்காரன் என்று பெயர். சாயம் ஏற்றிய காயை எட்டி நின்றே சொல்லிவிடுவான் என்பார்கள்.

இந்தச் சிவப்பு பச்சையை அவள் எட்டு மாதம் தைத்தாள். இரண்டு நிறமும் ஒரே அடர்த்தி. ஒன்றைவிட ஒன்று தூக்கலாகத் தெரியாது. பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருந்தார்கள். அனுப்ப வேண்டிய வாரத்தில் கம்பியில் மாட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். "தட்டை" என்றான். "ஒண்ணுமே தெரியல அருணா."

அதைப் பிரிக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. சுருட்டி அடித்தட்டில் தள்ளினாள். பெங்களூருக்கு எதையும் அனுப்பவில்லை. நிறம் தனக்கு வராது என்று முடிவு செய்து, அதன் பிறகு தொட்டில் அளவில் கறுப்பு வெள்ளை மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு சங்குக்காரர் அதைக் கண்டு பயந்து ஒதுங்குகிறார்.

ஜன்னலுக்குக் கீழே வேலுச்சாமி உட்கார்ந்திருந்தான். விஜயகுமாரின் கூட்டாளி, சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் பக்கத்திலேயே இருந்தவன். அழுது வீங்கிய முகத்தோடு, மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தங்கபாண்டியனிடம் சொன்னான்.

"அண்ணன் மட்டும் இருந்தா இதுல நேரா நடந்து வந்திருப்பாக. அவுகளுக்குத்தான் பச்சையும் செவப்பும் ஒண்ணாச்சே."

"என்னாப்பா சொல்ற?"

"இனிமே சொன்னா என்ன? அவுக கண்ணுக்கு ரெண்டும் ஒரே கலருதான், பொறந்ததுலருந்து."

தங்கபாண்டியன் வாயைத் திறந்தார். இருபது வருஷத்து ஏலங்கள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஓடுவது தெரிந்தது. "அடப் பாவி மனுசா" என்றார், கொஞ்சம் மரியாதையோடுகூட.

அருணா கொல்லைப்புறத்துக்கு வேலுச்சாமியைக் கூப்பிட்டனுப்பினாள். துவைக்கிற கல்லருகே அவன் வந்து தலைகுனிந்து நின்றான்.

"நெசமா?"

"மதினி, ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். வீட்டுல சொல்லாமயா இருந்தாக?"

"பெறகு எப்பிடிக் காய் வாங்குனாரு?"

"நான் பக்கத்துச் சேர்ல உக்காருவேன். துண்டுக்கடியில அவுக கையில விரல வைப்பேன். ஒண்ணுன்னா நல்ல பச்சை. ரெண்டுன்னா வெளுப்பு. மூணுன்னா சாயம். வெளிய தெரிஞ்சா எவன் மதிப்பான்? எம் பிள்ளைக மேல சத்தியம் வாங்கியிருந்தாக."

"நீ வராத அன்னைக்கு?"

வேலுச்சாமியின் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அங்கதான் அண்ணன் கெட்டிக்காரக. விரல் கெடைக்கலையா, வந்த சரக்கெல்லாம் மட்டம்னுருவாக. நல்லாருக்குன்னு சொல்லி மாட்டிக்கிறத விட, மட்டம்னு சொல்லிட்டா நமக்கு ஒரு சேதாரமும் இல்ல பாருங்க. எதிராளிதான் ஒடஞ்சு போவான்."

"எதிராளி" என்றாள் அருணா.

"ஆமா மதினி. காய் கொண்டு வர்றவன்."

அவன் போன பிறகு அவள் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். கம்பி, கேட்டு, கேட்டருகே அவன், அவன் கைக்குள் மகளின் கை. எத்தனை வருஷம் பார்த்த காட்சி! அப்பனும் பிள்ளையும் என்ன ஒட்டுதல் என்று பெருமைப்பட்டிருக்கிறாள்.

மகள் கார்முகில் காப்பி கொண்டுவந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள். முகத்தில் அப்பனையே உரித்து வைத்திருந்தது.

"எத்தன விரல்டி?" என்றாள் அருணா.

கார்முகில் டம்ளரைக் கல்லின் மேல் வைத்தாள். கேள்வி புரியாததுபோல நடிக்கவில்லை. அதுவே அருணாவுக்குப் போதுமாக இருந்தது.

"ஒண்ணுன்னா விழுது. ரெண்டுன்னா தட்டை. வெளையாட்டுன்னுதாம்மா அப்பா சொல்லிக் குடுத்தாரு. அஞ்சாப்பு படிக்கையிலதான் எனக்கு வெசயம் தெரியும்."

"வெளிய கெடக்கே, அத மாட்டுன அன்னைக்கு நீ எங்க போன?"

"ஸ்கூல்ல தேக்கடிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க."

"வந்து கேக்கலையா?"

"அப்பாட்டக் கேட்டேம்மா. நான் பாத்துச் சொல்றேன், வெளிய எடுக்கச் சொல்லுங்கன்னேன்." கார்முகில் தாவணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். "வேணாம், இப்ப மாத்திச் சொன்னா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும்னாரு. நாலு நாள்ல மறந்துரும்னாரு."

அருணா காப்பியை எடுத்து, ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கல்லில் கவிழ்த்தாள்.

இரண்டு மணிக்கு நீர்மாலைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, பந்தலில் கிடத்தினார்கள். விரிப்பைச் சுருட்டி ஓரமாய் வைத்திருந்தார்கள். சம்பந்த வழியினர் ஒவ்வொருவராகக் கோடித் துணி போர்த்தினார்கள். தேவாரம் ஊரிலிருந்து வந்த அருணாவின் அண்ணன், தங்கச்சிக்கான கோடிச் சேலையை அவள் தோளில் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் அழுதார்.

பாண்டீஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டது.

"அருணா, அந்த ஒட்டுப்போர்வையக் கொண்டா. ஒங் கையால தச்சதுல்ல. மேல போத்தி விடு, தம்பியோட போகட்டும். எத்தன தடவ அங்கன நின்னு ரசிச்சுப் பாத்தான்."

பெண்கள் "ஆமா ஆமா" என்றார்கள். ஒருத்தி ஏற்கெனவே அதை எடுக்கக் குனிந்தாள்.

"அத விடுங்க" என்றாள் அருணா.

"என்னாது?"

"அவரு அதப் பாத்ததே இல்ல மதினி."

வேலுச்சாமி தரையைப் பார்த்தான். கார்முகில் வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டீஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனால் மறுப்பு விளங்கியது.

"கட்டுனவனுக்கு ஒரு துணி குடுக்கவா மனசு வல்ல? நாளைக்கு இத வச்சு என்ன செய்யப் போற? நீயா போத்திக்கப் போற?"

"அது எனக்கு வேணும்."

"வெரசா ஆகட்டும், நேரமாகுது" என்று வெளியிலிருந்து ஒரு ஆண் குரல் வந்து காப்பாற்றியது. வாய்க்கரிசி போடும்போது அருணா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இமைகள் மூடியிருந்தன. மூடியிருந்தாலும் ஏதோ மதிப்புப் போடுவதுபோலத்தான் இருந்தது. அரிசியைப் போட்டாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். "அழுக விடுங்க, அவள அழுக விடுங்க" என்று யாரோ அவள் முதுகில் அடித்தார்கள். அவளுக்கு வரவில்லை. வெடி போட்டு, பூ இறைத்து, ஊர்வலம் தெருமுனை திரும்பியது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

ஈரத் தலையோடு, கோடிச் சேலையோடு, அருணா வாசலுக்கு வந்தாள். குயில்ட்டை விரித்துப் பார்த்தாள். நாலு ஓரமும் செம்மண் கால்தடம். நடுவில் ஒன்றுமில்லை, ஆறு வருஷத்துக்கு முன் கத்தரித்த நூல் நுனிகூட அப்படியே இருந்தது. தூக்கிக் கம்பியில் மாட்டி, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

கதவருகே கார்முகில் வந்து நின்றாள். "அம்மா, நான் வேணா பாத்துச் சொல்லட்டுமா?" என்றாள்.

"உள்ள போ."

அருணா குயில்ட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தாள். நான்கு அடி. எட்டு அடி. பந்தல்காலைத் தடவிக் கடந்தாள். கேட்டைத் தாண்டினாள். சாவு எடுத்த அன்றைக்கே தெருவில் இறங்குகிறாளே என்று உள்ளேயிருந்து பாண்டீஸ்வரி கத்துவது கேட்டது. இன்னும் இரண்டு அடி. ஆறு வருஷம் விலகியிருந்த தன் கண்ணுக்காவது குழி விழுகிறதா என்று பார்த்தாள்.

போடிமெட்டிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த ஜீப்பு ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. டிரைவர் வைவதற்காகத் தலையை வெளியே நீட்டினான். ரோடு முழுக்க இறைந்து கிடந்த பூவைப் பார்த்தான். ஹாரனிலிருந்து கையை எடுத்து, வண்டியை அணைத்தான்.